நாளைக்கு என்ன பந்துன்னு எங்கம்மா கேக்கறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

பெங்களூரு அல்சூர்லருந்து எழுதறேன். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கம்ப்யூட்டர் பேசறத பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு, ஆனா அதுல நடுவுல ஒரு இடத்துல இந்த ஏஐ வந்தப்புறம்தான் மிஷினுக்கு எழுதினத படிக்கத் தெரிஞ்சதுங்கற மாதிரி ஒரு வரி வந்துச்சு பாருங்க, அத படிச்சதும் காபி டம்ளர கீழ வெச்சுட்டேன். ஏன்னா நான் 13 வயசுல, இதே அல்சூர்ல, எங்க வீட்டு ஹால்ல ஒரு கம்ப்யூட்டர பேச வெச்சு அப்பாகிட்ட அடி வாங்கினவன். அந்தக் கதையும் சொல்லணும், அதோட உங்க பேப்பர் ஆப்ல வர்ற குரல் பத்தி ஒரு கம்ப்ளைன்ட்டும் இருக்கு, ரெண்டும் ஒரே விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல கம்ப்ளைன்ட். எங்கம்மாவுக்கு 76 வயசு, கண்ணுல பிரஷர், எழுத்து சரியா தெரியாது. உங்க ஆப்ல செய்திக்கு மேல ஒரு ஸ்பீக்கர் படம் வருதே, அத அமுக்கி டேப்லெட்ல டெய்லி காலைல கேப்பாங்க. குரல் தேன் மாதிரி இருக்கு, அதுல குறையே இல்ல, மூச்சு விடறதுகூட கேக்குது. போன மாசம் ஒரு நாள் காலைல சமையல்கட்டுலருந்து கூப்பிட்டு "ஏண்டா, நாளைக்கு ஏதோ கர்நாடக பந்தாமே, மேட்ச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் வாங்கி கேட்டா, "பந்த்"ங்கறத அந்தக் குரல் அழகா, அழுத்தம் திருத்தமா, வெளையாடற பந்துக்கு வர்ற ப போட்டு படிக்குது. கடை அடைப்பு, பஸ் ஓடாது, பால் வாங்கி வைக்கணும், இதெல்லாம் தெரிய வேண்டிய செய்தி சார் அது. அம்மா பந்து வெளையாட்டுன்னு நெனச்சு சும்மா இருந்துட்டாங்க.

அது மட்டும் இல்ல. நம்ம ஊர் பேரையே அது சரியா சொல்றதில்ல. பெஞ்சுக்கு வர்ற பெ போட வேண்டிய எடத்துல பெட்டிக்கு வர்ற பெ போடுது, கேக்க என்னமோ பெண்களூருங்கற மாதிரி இருக்கு. பாலுன்னு ஒருத்தர் பேர் வந்தா பால்காரர் ஆயிடறாரு. "ரூ.500"ன்னா ரூ, புள்ளி, ஐநூறு. "கி.மீ."ன்னா கி, ஒரு நிறுத்தம், மீ, ஒரு நிறுத்தம், அப்புறம் ஏதோ புது வாக்கியம் ஆரம்பிக்கற மாதிரி குரல் மேல ஏறுது. இரங்கல் செய்தில வயச அடைப்புக்குறில போடுவீங்க இல்ல, அத அடைப்புக்குறின்னே சொல்லுது, செத்தவங்க வீட்டுக்காரங்க கேட்டா என்ன நெனப்பாங்க சொல்லுங்க.

சரி, இப்ப பழைய கதை.

1987ல துபாய்ல வேல பாத்துட்டிருந்த எங்க மாமா லீவுல வரும்போது ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தாரு, சிங்க்ளேர் கம்பெனி செஞ்சது, கறுப்பா ரப்பர் கீ வெச்சு ஒரு டிபன் பாக்ஸ் மூடி சைஸ்ல இருக்கும், மெமரி மொத்தமே 48 கே. ஸ்கூல்லயும் எங்களுக்கு கம்ப்யூட்டர் இருந்துச்சு, கிளாஸ்னு ஒரு அரசாங்க திட்டத்துல 1984 வாக்குல நாட்டுல 250 ஸ்கூலுக்கு ஏக்கார்ன் கம்பெனி செஞ்ச பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் குடுத்தாங்களே அதுல எங்க ஸ்கூலும் ஒண்ணு, ஆனா செருப்ப கழட்டிட்டு ரூமுக்குள்ள போய் தள்ளி நின்னு பாக்கறதோட சரி, மேல துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க. வீட்டுல வந்தது நம்ம கை படற கம்ப்யூட்டர். அதோட மாமா கூடவே ஒரு சின்ன கறுப்பு டப்பாவும் கொண்டுவந்தாரு, கர்ரா மைக்ரோஸ்பீச்னு பேரு, ஸ்பெக்ட்ரம் பின்னாடி சொருகினா அது பேசும்.

உள்ள இருந்தது ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் கம்பெனியோட ஒரு சிப், எஸ்பி0256-ஏஎல்2. அதுல முழு வார்த்தை எதுவும் கிடையாது. 64 துண்டு இருக்கும், அதுல 59 சத்தம், மிச்சம் 5 வெறும் மௌனம், 10 மில்லி செகண்ட்லருந்து 200 மில்லி செகண்ட் வரைக்கும் அஞ்சு அளவுல. இத ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்தா வார்த்தை. பேசிக்ங்கற கம்ப்யூட்டர் பாஷைல எஸ் டாலர்னு ஒரு வேரியபிள்ல எழுத்த போட்டா போதும், பேசிடும். ஆன் பண்ணினதும் எந்த கீய அமுக்கினாலும் அத வாய்விட்டு சொல்லும், ரெண்டு நாள்ல வீட்டுல எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சுடுச்சு, அப்புறம்தான் அத நிறுத்த தனியா ஒரு கமாண்ட் இருக்குன்னு புக்ல பாத்தேன்.

ஆனா மொதல் வாரம் அது பேசவே இல்ல. டிவில படம் வருது, குரல் வரல. மாமா திட்டறாரு, ஏமாத்திட்டான் கடைக்காரன்னு. எஸ்பி ரோட்ல எங்கப்பாவுக்கு தெரிஞ்ச ஒரு டிவி மெக்கானிக் இருந்தாரு, அவரு வந்து பாத்துட்டு சிரிச்சாரு. அந்த டப்பாக்கு தனி ஸ்பீக்கர் கிடையாது, குரல டிவி சிக்னலோட கலந்துதான் அனுப்பும். இங்கிலாந்துல டிவியில படம் வர்ற அலைவரிசைக்கும் சத்தம் வர்ற அலைவரிசைக்கும் நடுவுல 6 மெகாஹெர்ட்ஸ் தூரம், நம்ம ஊர்ல 5.5. இந்த அரை மெகாஹெர்ட்ஸ்லதான் குரல் தொலஞ்சுபோயிருந்துச்சு. டிவி பின் மூடிய கழட்டி, பிளாஸ்டிக் திருப்புளி ஒண்ண உள்ள விட்டு சவுண்ட் காயில்னு ஒரு கம்பிச் சுருள மெதுவா திருகினாரு. மொதல்ல ஒரே உஸ்ஸுனு எரைச்சல். அப்புறம் அந்த எரைச்சலுக்குள்ளருந்து, தகர டின்னுக்குள்ள உக்காந்து யாரோ பேசற மாதிரி, "ஹலோ". எங்கம்மா அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடிவந்துட்டாங்க.

பேசுச்சு, சரி. ஆனா காயில திருகிட்டா தூர்தர்ஷன் என்னாகும்னு அன்னிக்கு யாருமே யோசிக்கல. 1987 அக்டோபர் 14, உலகக் கோப்பை, நம்ம சின்னசாமி ஸ்டேடியத்துல இந்தியா நியூசிலாந்து மேட்ச். எங்க தெருவுல டிவி இருந்த வீடு கம்மி, பத்து இருபது பேர் எங்க ஹால்ல. டிவிய போட்டா படம் பளிச்சுனு வருது, சத்தம் மட்டும் சுத்தமா இல்ல. கபில்தேவ் 72 அடிக்கறாரு, ஊமைப் படம் மாதிரி ஜனம் கைதட்டுது. ஸ்டேடியம் எங்க வீட்டுலருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், ஜன்னல தெறந்து வெச்சா சத்தம் கேக்குமான்னு ஒருத்தர் கேட்டாரு, கிண்டலா சீரியஸான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கடைசில டிரான்சிஸ்டர எடுத்து டிவி மேல வெச்சு ஆகாஷவாணி கமென்ட்ரியோட மேட்ச் பாத்தோம். இந்தியா 16 ரன்ல ஜெயிச்சுது, அதனால அடி கொஞ்சம் கம்மியா விழுந்துச்சு. மறுநாள் அதே மெக்கானிக் வந்து காயிலுக்கு குறுக்க ஒரு குட்டி கண்டன்சரும் சுவிட்சும் போட்டு குடுத்தாரு. மேல தள்ளினா டெல்லி, கீழ தள்ளினா லண்டன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த டப்பா எழுதினத படிக்கும்னு சொன்னேன் இல்ல, அது பாதி உண்மைதான். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க அப்படியே போட்டா உளறும். எந்த எழுத்துக்கு எந்த சத்தம்னு நம்மதான் காதால கேட்டு பிரிச்சு எழுதணும். அதாவது படிக்கற வேல என்னோடது, வாய் மட்டும் அதோடது. நான் என்ன பண்ணினேன், இங்கிலீஷ விட்டுட்டு வீட்டுல இருக்கறவங்க பேர தமிழ்ல சொல்ல வைக்கலாம்னு ஆரம்பிச்சேன். அம்மா சுலபமா வந்துடுச்சு. அக்கா வரல. க ஒரு தடவ போட்டா "அகா", ரெண்டு தடவ போட்டா "அக்... கா"ன்னு விக்கல் எடுக்குது. ஒரு வாரம் மண்டைய உடைச்சு கடைசில ரெண்டாவது க-வ எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு சின்ன மௌனத்த போட்டு பாத்தேன் சார், அப்படியே எங்கக்காவ கூப்பிட்ட மாதிரி வந்துச்சு. க்க-ங்கறது ரெண்டு க இல்ல, கொஞ்சம் காத்திருந்து விடற ஒரு க. இத எனக்கு எந்த தமிழ் வாத்தியாரும் சொல்லல, அந்த சிப்புதான் சொல்லிக் குடுத்துச்சு. வாழைப்பழம் இன்னும் கஷ்டம், ழ அதுல கிடையாதே. ல போட்டா "வாலைப்பலம்", மெட்ராஸ்லயே பாதி பேர் அப்படித்தான் சொல்றாங்கன்னு மாமா சமாதானம் சொன்னாரு. ஆனா அது அமெரிக்க இங்கிலீஷ் சத்தம் வெச்ச சிப்பு, நாக்க சுருட்டி சொல்ற ஒரு ஆர் அதுல இருந்துச்சு, அத போட்டதும் கிட்டத்தட்ட ழ. எங்கம்மா கேட்டுட்டு "பழம் அமெரிக்கா போய்ட்டு வந்திருக்கு"ன்னாங்க.

உண்மையாவே எழுதினத எழுதின மாதிரி படிச்ச கம்ப்யூட்டரும் அப்பவே இருந்துச்சு, எங்க வீட்டுலதான் இல்ல. 1982ல டோன்ட் ஆஸ்க் சாஃப்ட்வேர்னு ஒரு அமெரிக்க கம்பெனி சாம்னு ஒண்ண வித்தாங்க, சாஃப்ட்வேர் ஆட்டோமேட்டிக் மவுத், அட்டாரி, ஆப்பிள் 2, கொமோடோர் 64ன்னு அப்ப இருந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. எழுதினவர் மார்க் பார்ட்டன். இதுல பேசறதுக்குன்னு தனி சிப் எதுவும் வேணாம், புரோகிராமே வாய். அட்டாரில அது பேசும்போது ஸ்க்ரீன் இருட்டாயிடும், ஏன்னா அந்த பிராசஸரால ஒரே நேரத்துல படமும் காட்டி ஒழுங்கா பேசவும் முடியாது, வாய தெறந்தா கண்ண மூடிக்கும். வேகம் 72, சுருதி 64ன்னு நம்பர் குடுக்கணும், வாய்க்கு ஒரு நம்பர், தொண்டைக்கு ஒரு நம்பர், அத மாத்தினா கிழவி குரல், குட்டிச்சாத்தான் குரல் எல்லாம் வரும். நான் ஐடில சேந்தப்புறம் ஆபீஸ்ல வேல இல்லாத ஒரு நாள் எமுலேட்டர்ல, அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற புரோகிராம்ல ஓட்டி பாத்தேன், நைட் எட்டு மணிக்குதான் நாற்காலிய விட்டு எழுந்தேன். இதே பார்ட்டன்தான் ஆப்பிளோட மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கும் குரல் குடுத்தாரு, 1984 ஜனவரி 24 அன்னிக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலருந்து எடுத்து வெச்சு காட்டினப்போ அது தானா வணக்கம் சொல்லுச்சே, அது. அடுத்த வருஷம் வந்த அமிகா கம்ப்யூட்டர்ல குரல் கூடவே வந்துடுச்சு, தனியா வாங்கக்கூட வேணாம்.

கவனிக்க வேண்டியது என்னன்னா சார், இது எல்லாத்துலயும் ரெண்டு வேல தனித்தனியா இருந்துச்சு. சாம் வெறும் வாய். எழுத்த பாத்து சத்தமா மாத்தறதுக்கு ரெசைட்டர்னு பக்கத்துல இன்னொரு புரோகிராம். அமிகாலயும் டிரான்ஸ்லேட்டர் ஒண்ணு, நரேட்டர் ஒண்ணு. படிக்கறவன் வேற, பேசறவன் வேற. படிக்கற வேலைக்கு அடிப்படை போட்டது அமெரிக்க கடற்படையோட ஆராய்ச்சி லேப், 1976ல இங்கிலீஷுக்கு 329 விதி எழுதி வெளியிட்டாங்க. விதின்னா பெருசா ஒண்ணும் இல்ல, நடுவுல ஒரு எழுத்து, அதுக்கு எடது பக்கம் என்ன இருக்கு, வலது பக்கம் என்ன இருக்கு, அத பாத்து இன்ன சத்தம்னு ஒரு வரி, அவ்ளோதான்.

இத படிச்சப்போ எனக்கு தோணினது, அட இது நம்ம தமிழுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே. க-வ எடுத்துக்கங்க. வார்த்தை மொதல்ல வந்தா ஒரு சத்தம், அக்கால ஒரு சத்தம், தங்கத்துல ங் பக்கத்துல வந்து வேற சத்தம், பகல்ல இன்னொரு சத்தம். எழுத்து ஒண்ணு, சத்தம் நாலு, ஆனா அக்கம்பக்கத்த பாத்தா எதுன்னு டக்குனு சொல்லிடலாம். இங்கிலீஷ்காரனுக்கு 329 வேணும், நமக்கு ஒரு நோட்டு பக்கத்துல அடங்கிடும். பிரச்சனை எங்கன்னா கடன் வாங்கின வார்த்தைல. பந்த், பஸ், பாலு, கணேஷ், டெல்லி, தம் பிரியாணி, நம்ம பெங்களூரு. இதுக்கெல்லாம் விதி செல்லாது, வார்த்தை வார்த்தையா விதிவிலக்கு பட்டியல் எழுதணும், வேற வழியே இல்ல. எழுத்துல பந்தும் பந்த்தும் ஒரே ப தான், எது எதுன்னு பட்டியல்தான் சொல்லணும்.

கம்ப்யூட்டர தமிழ் பேச வெச்சவங்களும் இருக்காங்க. நம்ம ஊர் ஐஐஎஸ்சி, அதான் இந்திய அறிவியல் கழகம், அங்கயே 2001 வாக்குல தமிழ் படிக்கற சாஃப்ட்வேர் செஞ்சாங்க, திருக்குறள்னே அதுக்கு பேரு. ஈஸ்பீக்னு ஒண்ணு இருக்கு, அது 1995ல ஏக்கார்ன் கம்ப்யூட்டருக்கு ஜோனத்தன் டடிங்டன் எழுதினது, அதாவது எங்க ஸ்கூல்ல துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்களே அதே கம்பெனியோட பின்னாடி வந்த மிஷின். அது இன்னிக்கும் உயிரோட இருக்கு, இலவசமா கிடைக்குது, தமிழும் படிக்கும். என்கூட வேல செஞ்ச ஒருத்தருக்கு பார்வை கிடையாது, அவரு இதத்தான் கேப்பாரு, எனக்கு ஒரு எழுத்துகூட புரியாத வேகத்துல ஓட்டுவாரு, கொசு கத்தற மாதிரி இருக்கும். ஏன் சார் இவ்ளோ நல்ல குரல் எல்லாம் வந்தாச்சே மாத்தக்கூடாதான்னு ஒரு தடவ கேட்டேன். "எனக்கு பாட்டு வேணாம்பா, செய்தி வேணும்"னாரு. அந்த ஈஸ்பீக்ல தமிழுக்குன்னு விதிக்கு ஒரு ஃபைல், விதிவிலக்குக்கு ஒரு ஃபைல், ரெண்டும் வெறும் டெக்ஸ்ட், நோட்பேட்ல தெறந்து படிக்கலாம். ஒரு வார்த்தை தப்பா வந்தா ஒரு வரி சேத்து, ஒரு தடவ கம்பைல் பண்ணிட்டா முடிஞ்சுது.

உங்க ஆப்ல பேசறவர மாத்த சொல்லல சார். அந்தம்மா நல்லா பேசறாங்க. அவங்களுக்கு பின்னாடி உக்காந்து படிக்கற ஆளு இருக்கார் பாருங்க, 1987ல எங்க வீட்டுல அந்த வேலைய ஒரு 13 வயசு பையன் பாத்தான், உங்க ஆபீஸ்ல அந்த நாற்காலி காலியா இருக்கற மாதிரி தெரியுது. குரல் வெளில எங்கயோ ஒரு கம்பெனிகிட்ட வாங்கியிருப்பீங்க, அது எனக்கு புரியுது, ஆனா செய்தி அதுகிட்ட போறதுக்கு முன்னாடி நடுவுல நீங்க கை வைக்கலாம் இல்ல? "ரூ.500"ங்கறத 500 ரூபாய்னு மாத்தி அனுப்பறது, கி.மீ-ய கிலோமீட்டர்னு விரிச்சு எழுதறது, வயசுக்கு போடற அடைப்புக்குறிய தூக்கறது, இதுக்கெல்லாம் ஏஐ-யும் வேணாம் ஒண்ணும் வேணாம், நல்லா வேல தெரிஞ்ச ஒரு பையன் மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவான். கடன் வார்த்தைக்கு பட்டியல் கொஞ்சம் நாள் பிடிக்கும். பந்த்துன்னு வந்தா கடையடைப்புன்னு மாத்தி அனுப்பிடுங்க, அது நல்ல தமிழும்கூட. பேருக்குத்தான் அப்படி முடியாது, பாலுவ பாலுன்னுதான் சொல்லணும், அதுக்கு மட்டும் அந்த கம்பெனிகிட்ட இந்த வார்த்தைய இப்படி சொல்லுன்னு குறிப்பு குடுக்க எடம் இருக்கான்னு கேளுங்க.

நான் ரெண்டு மாசமா அம்மா பக்கத்துல உக்காந்து தப்பா வர்ற வார்த்தைய எல்லாம் ஒரு நோட்ல எழுதிட்டு வரேன், இன்னிக்கு காலையோட 143 ஆச்சு, எதுக்கு எப்படி வரணும்னும் பக்கத்துல எழுதியிருக்கேன். அம்மாவும் இப்ப இதுல இறங்கிட்டாங்க, தப்பு வந்தா "எழுதிக்கோடா"ன்னு சமையல்கட்டுலருந்து குரல் வருது. நோட்ட டைப் பண்ணி அனுப்பணுமா இல்ல எம்.ஜி.ரோடு பக்கம் வரும்போது ஆபீஸ்லயே நேரா குடுத்துடட்டுமா, யார பாக்கணும்னு மட்டும் ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு.